ராலிங்ஸ் உரைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் வட்டத்தில் கானா நாட்டின் முன்னாள் அதிபர் ஜெர்ரி ராலிங்ஸ் பற்றி நான் பேசியதைப் பலரும் பாராட்டினீர்கள். அதில் பாதிக்கு மேல் வேறு ஆட்களுக்குச் சேர வேண்டியது. அதைப் பிரித்துக் கொடுக்கத்தான் இந்த மடல்.

கானாவின் டெமா துறைமுகத்தில் ஒன்பது வருஷம் கணக்கு எழுதியவன் நான். ராலிங்ஸ் மேல் அப்போதே ஒரு மயக்கம். விமானப்படையில் வெறும் ஃப்ளைட் லெப்டினன்ட். 1979 மே மாதம் கலகம் செய்து பிடிபட்டு, ராணுவ நீதிமன்றத்தில் நின்றவர். ஜூன் 4 அன்று சிப்பாய்கள் காவலிலிருந்து விடுவிக்க, 32 வயதுகூட நிறையாமல் நாட்டுக்கே தலைவர் ஆகிவிட்டார். நான் முதலில் எழுதிய உரை முழுக்க இந்த மாதிரி விசில் அடிக்கிற கதைதான்.

அதைக் கெடுத்தவர், இல்லை, காப்பாற்றியவர், தலைநகர் அக்ராவில் துணிக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. அவருடைய அம்மா மகோலா சந்தையில் வியாபாரம் செய்தவர். பதுக்கல்காரர்களின் கூடாரம் என்று சொல்லி 1979 ஆகஸ்டில் ராணுவம் அந்தச் சந்தையைத் தரைமட்டமாக்கியது. அக்கா அழவில்லை. விலைப்பட்டியல் வாசிக்கிற குரலில் சொன்னார். அன்று இரவே ஆறு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன்.

அடுத்து, கிடங்கில் என்னோடு இருந்த மேஸ்திரி. 1983 பஞ்சத்தை வீடியோ காலில் ஒரு மணி நேரம் சொன்னார். மழை இல்லை, எங்கும் காட்டுத்தீ. போதாததற்கு, நைஜீரியா விரட்டிவிட்ட லட்சக்கணக்கான கானாக்காரர்கள் ஒரே நேரத்தில் ஊர் திரும்புகிறார்கள். பட்டினியில் துருத்தி நின்ற கழுத்தெலும்புக்கு ஜனங்கள் வைத்த பெயர் 'ராலிங்ஸ் சங்கிலி'. (நாமும் அதைக் காறை எலும்பு என்று நகையின் பெயரால்தானே சொல்கிறோம்!) தன் கழுத்தைத் தடவிக் காட்டிச் சிரித்தவர், "1992 தேர்தலில் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். 1996லும்" என்றார். ஏன் என்றேன். "எங்க ஊருக்குக் கரண்ட் வந்ததே" என்றார். இதற்கு மேல் நான் என்ன கேட்பது?

'சிலருக்கு மரண தண்டனை' என்று நான் ஒரே வரியில் தாண்டிய இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டவர் தலைமையாசிரியர் ஐயா. 1979ல் ராலிங்ஸ் ஆட்சியில் சுட்டுக் கொல்லப்பட்ட எட்டு ராணுவ அதிகாரிகளில் மூவர் நாட்டை ஆண்டவர்கள். அச்சாம்பொங், அஃப்ரிஃபா, அகுஃபோ என்று மூன்று பெயரையும் எழுத வைத்தார். வலிக்கத்தான் செய்தது.

முன்வரிசையில் இருந்த கல்லூரி மாணவிக்கும் நன்றி. "1979ல் ஒருமுறை ஆட்சியைக் கொடுத்துவிட்டு 1981ல் திரும்பப் பிடுங்கியவர், 2001ல் எதிர்க்கட்சியின் குஃபோரிடம் கொடுத்துவிட்டு ஏன் சும்மா இருந்தார்?" என்று கேட்டாய். இரண்டு முறைக்கு மேல் கூடாது என்ற 1992 அரசமைப்பைக் காரணமாகச் சொன்னேன். துப்பாக்கி வைத்திருந்தவருக்கு அது போதுமான காரணமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், அம்மா.

புரொஜக்டர் மண்டையைப் போட்டதும் மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துப் படம் காட்டிய தம்பிக்கும், சுண்டல் அவித்த வீட்டாருக்கும் நன்றி.

அக்ரா அக்கா உரையின் பதிவைக் கேட்டார். தமிழ் தெரியாது. மகோலா என்ற சொல் வரும் இடம் மட்டும் போதுமாம். வெட்டி அனுப்பிவிட்டேன்.