மூன்று கேள்விக்குறிகள்

தங்கச்சிமடம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள செல்வி,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? பிள்ளை வேலையில் சேர்ந்துவிட்டானா? அவன் விஷயத்தை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது. இன்றைக்கு நான்தான் பேசப்போகிறேன்.

என் வீட்டுக்காரரைப் பற்றி, "அண்ணனுக்கு என்னடி?" என்று பிப்ரவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். ‘பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று இரண்டு தடவை பதில் போட்டேன். மே மாதத்துக்கு அப்புறம் உன் போனைக்கூட எடுக்கவில்லை. மன்னித்துக்கொள். யாரிடமும் பேசப் பிடிக்காமல் போனதற்கு ஒரே காரணம்தான். என்ன வியாதி என்று கேட்பார்கள், சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை. இந்த வாரம் ஒரு பெயர் சொன்னால் அடுத்த வாரம் அதை மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. உன் சொந்த அண்ணி ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் வைத்து, "போன மாசம் வேற சொன்னீங்களே டீச்சர்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கோ பொய் சொல்லி மாட்டிக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

போன வியாழக்கிழமை மதுரையில் இரண்டாவது தடவையாகக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே வலி தொடங்கிவிட்டது. வலது பக்கம் அடிவயிறு. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, முறுக்கிப் பிடிக்கும். அப்புறம் தானாகவே விட்டுவிடும். கடலில் இருக்கும்போது வந்தால் போட்டை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு போட்டின் முன்பக்கம் அணியத்தில் போய்ச் சுருண்டு படுத்துக்கொள்வாராம். கூடத் தொழிலுக்குப் போகிற பையன் சொல்லித்தான் இதுவே எனக்குத் தெரியும். உன் அண்ணன்தான் வாயைத் திறக்காத மனிதர் ஆயிற்றே. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுடும். 68 கிலோ இருந்தவர் பிப்ரவரியில் 57.

இங்கே வயிற்றில் எது வந்தாலும் அதற்கு ஒரே பெயர், அல்சர். அதற்கு ஒரு மாதம் மாத்திரை. அடுத்து ராமநாதபுரத்தில் ஒரு டாக்டர் அப்பெண்டிக்ஸாக இருக்கும், உடனே ஆபரேஷன் செய்யலாம் என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவரே வேண்டாம் என்றும் சொன்னார். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் சுவர் தடித்திருக்கிறது, பக்கத்தில் நெறி கட்டியிருக்கிறது, மதுரைக்குப் போங்கள் என்று அனுப்பினார். அந்த மனிதரை நான் நன்றியோடு நினைக்கிறேன். நேற்றுச் சொன்னதை இன்றைக்கு மாற்றிக்கொள்ள அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி, போட் கரையில் நின்ற பிறகுதான் மதுரைக்கு வரச் சம்மதித்தார். பாம்பன் புதுப் பாலத்தில் ரயில் விட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் தீவுக்குள் ரயிலே வராமல் இருந்ததால் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பாம்பன் கடலைப் பார்க்காமல் அவர் பாலத்தைத் தாண்டியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

மதுரையில் எடுத்த சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி வரியில் மூன்று பெயர்கள் இருந்தன. கோக்ஸ், க்ரோன், லிம்போமா. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு கேள்விக்குறி. லிம்போமா நெறியில் வரும் புற்றுநோய் என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டையும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கோக்ஸ் என்றால் வேறு எதுவும் இல்லை, டிபிதான். 1882-இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் பெயரில் ரிப்போர்ட்டில் எழுதுவது டாக்டர்களின் பழைய வழக்கம். க்ரோன் என்பதும் ஒரு டாக்டரின் பெயர்தான். அவரும் கூட இருந்தவர்களும் நியூயார்க்கில் 1932-இல் அந்த நோயைப் பற்றி எழுதினார்கள். ஐம்பது வருஷ இடைவெளியில் வந்த இந்த இரண்டு பெயர்களுக்கும் நடுவில்தான், செல்வி, நாங்கள் இந்த நாலு மாதமாகக் கிடக்கிறோம்.

குழாய் விட்டுச் சதை எடுத்தார்கள். புற்றுநோய் இல்லை என்று வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் மற்ற இரண்டு கேள்விக்குறியும் அப்படியே நின்றன. சதையில் கிரானுலோமா இருந்தது. உடம்பின் காவல் அணுக்கள் ஒன்றாகக் கூடிக் கட்டுகிற சின்ன முடிச்சு அது. டிபியிலும் வரும், க்ரோனிலும் வரும். டிபியாக இருந்தால் முடிச்சின் நடுவே தயிர்க்கட்டி மாதிரி அழுகியிருக்கும், இவருக்கு அப்படி இல்லை, அதனால் க்ரோன்தான் என்றார் டாக்டர். ஆயுள் முழுக்க மருந்து, உடனே ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையும் வாங்கிவிட்டோம்.

அன்றைக்கு ராத்திரி மதுரையில் சித்தி மகள் வீட்டில் தங்கினோம். அவள் நர்ஸ் என்பது உனக்குத் தெரியும். ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "டிபி இல்லைன்னு உறுதியாச் சொன்னாரா அக்கா? டிபி இருந்து ஸ்டீராய்டு போட்டா எதிர்ப்புச் சக்தி அடங்கி, கிருமி உடம்பெல்லாம் பரவிடும்" என்றாள். காலையில் அவர் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தபோது மாத்திரையைப் பிடுங்கிவிட்டேன். சரியா தப்பா என்று எனக்கே தெரியாது. அவ்வளவு பெரிய டாக்டர் சொன்னதைத் தடுக்க நான் யார் என்று உடம்பு நடுங்கியது.

இரண்டாவது டாக்டரிடம் போக வேண்டுமானால் சதை வேண்டும். அதை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், பிளாக் என்று சொல்கிறார்கள். கேட்டால் சீவலை ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும் பிளாக்கையும் கொடுக்க வேண்டும், வேறு இடத்தில் மறுபடி சீவிப் பார்க்கலாம். முதல் ஆஸ்பத்திரியில் எங்களை இரண்டு நாள் அலையவிட்டார்கள். "எங்கள்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கவுண்டரில் ஒரு பெண் கேட்டாள். நம்பிக்கை இல்லாமல் இல்லை. உடம்பு என் வீட்டுக்காரருடையது, இன்னொரு கண் பார்க்கட்டும் என்றேன். ஹாஸ்டல் சிஸ்டரிடம் நமக்காக நீ போய் நிற்பாயே, அப்படி நின்று பேசினேன். நீ பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாய்.

அதே சதையைப் பார்த்த இன்னொரு டாக்டர் டிபியாகத்தான் இருக்கும் என்றார். சரியா? ஒரே ஸ்லைடு, இரண்டு பேர், இரண்டு பெயர். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "நாங்கள் பரீட்சைத் தாளைத் திருத்தும்போது ஒரு விடைக்கு ஒரு மார்க்தான் போடுவோம் சார்" என்று கேட்டே விட்டேன். அவர் கோபப்படவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னார். எடுத்த சதை கடுகளவு, அழுகிய முடிச்சு அதற்கு அடுத்த இடத்தில் இருக்கலாம். இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்கிற ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனையில் கிருமி இல்லை என்றே வந்திருந்தது. ஆனால் குடல் டிபியில் கிருமிகள் குறைவாகத்தான் இருக்கும், இல்லை என்று வந்தால் இல்லவே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாதாம். கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ஆறு வாரம், அதிலும் எதுவும் வளரவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தம், குடல் டிபிக்காரர்கள் பலருக்கும் அப்படித்தான் இருக்குமாம். டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்ட இடம் தடித்தது. அதுவும் சாட்சி ஆகாது, நம் நாட்டில் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிற எத்தனையோ பேருக்குத் தடிக்கும்.

"அம்மா, இதில் மருந்துதான் பரீட்சை" என்றார். டிபி மருந்தை இரண்டு மாதம் கொடுத்து, மறுபடி குழாய் விட்டுப் பார்ப்பது. புண் ஆறியிருந்தால் டிபி. ஆறாவிட்டால் க்ரோன் பக்கம் திரும்புவது. நான் அதற்குள் ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கியிருந்தேன். அதைப் பார்த்துக் கேட்டேன்: நீங்கள் நினைப்பது தப்பாக இருந்தால் எதை வைத்துத் தெரிந்துகொள்வீர்கள்? அதுவரை காத்திருப்பதால் இவருக்கு என்ன கெடுதல் வரும்? எந்த அறிகுறி வந்தால் ராத்திரி என்றும் பாராமல் ஓடி வர வேண்டும்? மூன்றுக்கும் தெளிவாகப் பதில் சொன்னார். வாந்தியோடு வயிறு உப்பி, காற்றுக்கூடப் பிரியாமல் போனால் உடனே வா என்றார். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது. வியாதிக்கு இன்னமும் பெயர் இல்லை. ஆனால் அடுத்து என்ன செய்வது என்று இருந்தது. முதல் டாக்டர்மேல் இருந்த கோபமும் அப்போது குறைந்தது. அவரும் அறியாமல் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொன்னார், சந்தேகத்தை மட்டும் எங்களிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டார். அதைச் சொல்லியிருந்தால் நான் இன்னும் நம்பியிருப்பேன்.

ஜூன் நடுவில், போட்டெல்லாம் கடலுக்குப் போன அதே வாரம், மருந்து தொடங்கியது. மருந்து அரசாங்கத்தில் இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் கணக்கில் போடுகிறார்கள், போன நவம்பருக்கு முன்னால் அது 500-ஆக இருந்தது. தடைக்கால நிவாரணம் 8,000 எப்போதோ மதுரையில் கரைந்துவிட்டது. சம்பளம் என் ஒருத்தியுடையதுதான். அதைப் பற்றி விரிவாக எழுதப்போவதில்லை, நீ உடனே பணம் அனுப்புவாய்.

சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், பயப்படாதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அப்படியும் முதல் நாள் பயந்துவிட்டார். ஒரு மாத்திரை கண் நரம்பைத் தொடலாம், சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரிகிறதா என்று கவனித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி கரைக்குப் போய் நிற்பார். வருகிற போட்டின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. "ரெண்டும் தெரியுது" என்று வந்து சொல்லிவிட்டுத்தான் படுப்பார். முப்பது வருஷமாக அந்த விளக்கை வைத்துத்தான் கடலில் வழி பார்த்தவர். வேறு எதற்கும் பயப்படாதவர் அதற்குப் பயந்தார்.

டிபி என்று தெரிந்ததும் சொந்தத்தில் ஒரு வீட்டில் அவருக்குத் தனித் தட்டு வைத்தார்கள். குடலில் இருப்பது தட்டில் தொற்றாது, நெஞ்சில் இல்லை என்று நான் சொன்னேன். பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்துவிட்டோம், ஒன்றும் இல்லை. க்ரோன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அதே வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாமியார் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போய்ச் செம்மண் எடுத்து வந்து வயிற்றில் பூசினார். பக்கத்து வீட்டு அக்கா ஏர்வாடி தர்காவுக்கு வேண்டிக்கொண்டார். யாரையும் நான் தடுக்கவில்லை. மாத்திரையை மட்டும் ஒரு நாளும் தவறவிடவில்லை. நீ அனுப்பிய கற்றாழைச் சாறு மட்டும் வேண்டாமென்று வைத்துவிட்டேன், உனக்குக் கோபம் வந்தால் வரட்டும். அது பேதிக்கு இழுக்கும்டி, ஏற்கெனவே அவர் காய்ந்துபோயிருந்தார்.

உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். இரண்டு மாதமும் ஜெபமாலையில் நான் கேட்டது ஒன்றுதான், இது டிபியாக இருக்கட்டும். கட்டிய புருஷனுக்கு அப்படி ஒரு வியாதியைக் கேட்டு யாராவது ஜெபம் செய்வார்களா? டிபி என்றால் ஆறு மாதத்தில் முடியும், மற்றது ஆயுளுக்கும் கூட வரும். அதனால் கேட்டேன். கேட்டுவிட்டு ஒவ்வொரு ராத்திரியும் குற்ற உணர்வோடு படுத்தேன்.

வியாழக்கிழமை பார்த்ததில் புண்கள் பெரும்பாலும் ஆறிவிட்டன. டாக்டர் திரையில் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முன்னே சிவந்து கிடந்த இடம் வெளிறித் தழும்பாகியிருக்கிறது. டிபிதான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு சொல்லலாம் என்றார். மீதிப் பத்தையும் அவரே விட்டு வைத்தார். குடல் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது, அது மருந்தில் முழுதாக விரியாமல் போகலாம். டிபி ஆறினாலும் அந்தச் சுருக்கம் தங்கிவிடுவது உண்டாம். தேவைப்பட்டால் பலூன் வைத்து விரிப்பதோ ஆபரேஷனோ அப்புறம் பார்க்கலாம் என்றார். முதல் டாக்டர் எழுதிய ஸ்டீராய்டு அட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது. சித்தி மகள் எறிந்துவிடச் சொல்கிறாள். எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

எடை 60 ஆகிவிட்டது. காரல் சொதியும் குழைந்த சோறும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நாளை திங்கள், போட்டுகள் போகிற நாள். இப்போதே கரையில் போய் நிற்கிறார். இன்னும் ஒரு மாதம் தொழிலுக்குப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், என்னிடம் தினமும் சண்டை.

மருந்து டிசம்பர் நடுவில் முடிகிறது. கிறிஸ்துமஸுக்கு நீ கட்டாயம் வா, பிள்ளையையும் கூட்டி வா. வழக்கம்போல சாயல்குடியிலிருந்து பனங்கிழங்கு கட்டு கட்டாகத் தூக்கி வராதே. குடல் சுருங்கியவருக்கு நார் ஆகாது, அவர் கண்ணெதிரே நாம் உட்கார்ந்து தின்னவும் முடியாது. கருப்பட்டி மட்டும் கொண்டு வா, புதுசாகப் பார்த்து.

உன்,
ஜெசிந்தா