பேரேடும் டிஸ்சார்ஜ் புக்கும் ஒரே பெட்டியில் இருக்கட்டும்

பெறுநர்: பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் (இன்றைய வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை) கடைத்தெரு வணிகர் சங்கங்களும் முன்னாள் படைவீரர் சங்கங்களும்.

அன்புடையீர்,

வணக்கம். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் பலர் உங்கள் கடைத்தெருக்களில் மளிகை வைத்தார்கள், சைக்கிள் வாடகைக்கு விட்டார்கள், ரேடியோ ரிப்பேர் பார்த்தார்கள், அரிசி மில் நடத்தினார்கள். போர்டில் என்ன பெயர் இருந்தாலும் ஊர் வாயில் அது ‘பட்டாளத்தார் கடை’, ‘மிலிட்டரிக்காரர் கடை’. இந்தக் கடைகள் 75 ஆண்டைத் தாண்டிவிட்டன. பேரப்பிள்ளைகள் விழா எடுக்கிறார்கள், மலர் போடுகிறார்கள். மலரைப் புரட்டினால் ‘பர்மா போரில் தீரத்துடன் போரிட்டு, நாணயமான வணிகராக உயர்ந்து’ என்ற ஒரே வரிதான் எல்லாத் தாத்தாவுக்கும். அதே வாரத்தில் பரணில் இருந்த கணக்குப் புத்தகங்கள் எடைக்குப் போய்விடுகின்றன.

மலர் அச்சாகும் முன் அந்தச் சிப்பாயின் நம்பரைத் தேடுங்கள். பரணைக் காலி செய்யும் முன் அவருடைய பேரேட்டை, அதாவது கடைக் கணக்கைப் பெயர்வாரியாகத் தொகுத்த புத்தகத்தை, தனியே எடுத்து வையுங்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் நம்பர். படையில் பெயர் இரண்டாம் பட்சம். வட ஆற்காட்டிலிருந்து போன கோவிந்தசாமிகளும் முனுசாமிகளும் எத்தனையோ பேர். அவர்களைப் பிரித்துக் காட்டுவது படைத்துறை எண்தான். படையிலிருந்து விலகும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கின் முதல் பக்கத்தில் அது இருக்கும். அந்தப் புத்தகம் தொலைந்திருந்தால் பென்ஷன் ஆணை, மணியார்டர் கூப்பன், யூனிட்டிலிருந்து வந்த கடிதம், இவற்றில் பாருங்கள். அடுத்தது பதக்கம். முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். இரண்டாம் போரின் பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திர வடிவப் பதக்கங்களில் பின்பக்கத்தைப் பாருங்கள்; பிரிட்டிஷ் படையினருக்குப் பெயரில்லாமல் வந்தாலும், இந்தியப் படையினருக்கு வந்தவற்றில் அங்கே விவரம் பொறித்திருக்கலாம். பெயர் பொறிக்காததை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது; எந்தப் போர்முனைக்கு உரிய பதக்கம் என்று மட்டும் சொல்லலாம். சுதந்திரத்துக்குப் பின் வந்த இந்தியப் பதக்கங்களில் மறுபடியும் விளிம்பில் எண் உண்டு.

விளிம்பைப் படிக்க பிளாஷ் போடாதீர்கள், எழுத்து மறைந்துவிடும். இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பதக்கத்தை மெல்லத் திருப்பிக்கொண்டே படம் எடுங்கள். பிராசோ போட்டுத் தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். ஆயுத பூஜைதோறும் பளபளக்கத் தேய்த்த பதக்கத்தில் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் கரைந்து போயிருக்கும். 1914-18 வெள்ளிப் பதக்கம் சுமார் ஒரு அவுன்ஸ் எடை. வெள்ளி விலை ஏறியபோதெல்லாம் பல வீடுகளில் அது கொலுசாகிவிட்டது. அப்படி உருக்கியிருந்தால் அதையும் எழுதுங்கள், குடும்ப வரலாறுதான்.

அடுத்து, எந்தப் படைப்பிரிவு? கேட்டால் எல்லோரும் ‘மெட்ராஸ் ரெஜிமெண்ட்’ என்றுதான் சொல்வார்கள். முதல் உலகப் போருக்குப் பின் மதராஸின் நிரந்தரக் காலாட்படைப் பட்டாளங்களை ஆங்கிலேய அரசு ஒவ்வொன்றாகக் கலைத்தது. 1920-களின் முடிவில் ஒன்றும் மிஞ்சவில்லை. இரண்டாம் போரின்போதுதான் ரெஜிமெண்ட் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆகவே 1935-இல் சேர்ந்த தாத்தா அதில் இருந்தார் என்றால் சந்தேகப்படுங்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். போர்க்காலத்தில் சேர்ந்தவராக இருந்தால் பயோனியர் (கட்டுமான உழைப்பு), சர்வீஸ் கோர் (போக்குவரத்து, உணவு வழங்கல்), ஆர்டினன்ஸ் (ஆயுதக் கிடங்கு), ஈ.எம்.ஈ. (இயந்திரப் பழுதுபார்ப்பு), சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு) எதுவாகவும் இருக்கலாம். கடையையும் கொஞ்சம் கவனியுங்கள். லேத்து பட்டறை வைத்தவர் ஈ.எம்.ஈ.யிலும், ரேடியோ கடை வைத்தவர் சிக்னல்ஸிலும், லாரி வாங்கி விட்டவர் சர்வீஸ் கோரிலும் தொழில் கற்றவராக இருக்கக்கூடும். இது தேட ஒரு தடயம் மட்டுமே. மலரில் உண்மையாக அச்சேற்றிவிடாதீர்கள்.

பிரிவு தெரிந்தால், சிப்பாய்களின் பதிவுகளை வைத்திருக்கும் எந்த ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுத வேண்டும் என்பதும் தெரியும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரியில் வெலிங்டன், சாப்பர்ஸின் வாரிசான மெட்ராஸ் எஞ்சினியர் குரூப்புக்கும் பயோனியருக்கும் பெங்களூரு, ஈ.எம்.ஈ.க்கும் ஆர்டினன்ஸுக்கும் செகந்திராபாத், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மருத்துவப் பிரிவுக்கு லக்னோ. டெல்லிக்கு எழுதினால் பதில் சுற்றிச் சுற்றி வரும்.

கடிதத்தில் எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, மாவட்டம், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு, எழுதுபவரின் உறவு எல்லாம் வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நகல்களை இணையுங்கள். மாவட்டம் என்ற இடத்தில் ‘இராணிப்பேட்டை’ என்று மட்டும் எழுதினால் பழைய பதிவோடு பொருந்தாது; அங்கே இருப்பது ‘நார்த் ஆற்காடு’. முதல் உலகப் போர்க்காரரின் ஊர் இன்று ஆந்திரத்தில் இருந்தாலும் கவனம் தேவை. சித்தூர் மாவட்டம் 1911-இல்தான் உருவானது. அதற்கு முன் சேர்ந்தவர் வட ஆற்காட்டுக் கணக்கில் இருப்பார். ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் மூன்று நான்கு விதமாக எழுதிக் கொடுங்கள். குமாஸ்தா காதில் விழுந்ததைத்தான் அன்று எழுதினார். வயதையும் அப்படியே நம்ப வேண்டாம்; சேர்வதற்காக 16-ஐ 18 என்று சொன்னவர்கள் உண்டு.

பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். பதிலில் அடிக்கடி வருவது ‘ஆவணங்கள் அழிக்கப்பட்டுவிட்டன’ என்ற வரி. பொய்யில்லை. பென்ஷன் இல்லாமல் விலகியவரின் ஷீட் ரோல் (சேவை விவரத் தாள்) முதலிய தாள்களை 25 ஆண்டு கழித்து அழிப்பது படை விதி. போர் முடிந்து ஆட்குறைப்பில் விடுவிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வகைதான். சிப்பாய் பென்ஷனுக்கு 15 ஆண்டு சேவை தேவை, அவர்களுக்கு ஐந்தாறு ஆண்டுதான் இருந்தது. ஆனால் ‘லாங் ரோல்’ என்ற நிரந்தரப் பதிவேடு அழிக்கப்படுவதில்லை. எனவே இரண்டாவது கடிதத்தில் ‘லாங் ரோல் பதிவின் நகல்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் பதிலோடு மனம் தளர்ந்து ஃபைலைக் கட்டி வைப்பவர்களே அதிகம்.

பென்ஷன் வாங்கியவர் என்றால் ‘பார்ட் 2 ஆர்டர்’ கேளுங்கள். திருமணம், குழந்தை பிறப்பு எல்லாம் அதில் தேதியோடு ஏறும். அங்கே மனைவி பெயர் ‘கன்னியம்மா’, ஆதாரில் ‘கன்னியம்மாள்’ என்று இருந்தால் குடும்ப ஓய்வூதியத்தில் சிக்கல் வரும். அதை அந்தப் பாட்டி உயிரோடு இருக்கும்போதே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகத் திருத்திவிடுங்கள். வரலாறு தேடப் போய் ஒரு பாட்டிக்குப் பணம் கிடைத்தால் நல்லதுதானே.

வீணாகத் தேடும் இடங்கள் சில. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் இறந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். ஊர் திரும்பிக் கடை வைத்தவர் அங்கே இருக்க மாட்டார். இருந்தால் அது வேறு ஆள். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடைத்த முதல் உலகப் போர்ப் பதிவேடுகள் பஞ்சாபுக்கு உரியவை. ‘மிலிட்டரி ஓட்டல்’ என்ற பெயர்ப் பலகை அசைவச் சாப்பாட்டைத்தான் குறிக்கும். முதலாளி பட்டாளத்துக்குப் போனதற்கு அது சாட்சி ஆகாது.

இனி கடைப் பக்கம். இங்கேதான் உங்கள் கையில் புதையல் இருக்கிறது, அதுதான் முதலில் எடைக்கும் போகிறது. சிட்டை, குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை என்று நான்கு வகையில் பேரேடு ஒன்றாவது இருந்தால் போதும், முதல் பக்கத்திலிருந்து தொடங்கலாம். பிள்ளையார் சுழிக்குக் கீழே ‘முதல் வரவு’ என்று ஒரு தொகை இருக்கும். அதை டிஸ்சார்ஜ் புக்கின் தேதியோடு ஒப்பிடுங்கள். இரண்டுக்கும் இடையே ஓரிரு ஆண்டு இருந்தால், அந்தக் காலத்தில் அவர் வேறொரு கடையில் கணக்கு எழுதினாரா, மாமனார் வீட்டில் இருந்தாரா, மறுபடி சேர முயன்றாரா என்று கேளுங்கள். ‘கிராஜுவிட்டி பணத்தில் கடை வைத்தார்’ என்ற குடும்பக் கதையைப் பேரேடு பலமுறை மறுத்துவிடும்: முதல் வரவில் பாதி மைத்துனர் பேரில் இருக்கும், அல்லது மனைவியின் நகை அடகு வைத்த கணக்கில் இருக்கும்.

தேதி தமிழ் ஆண்டில் இருக்கும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். விய வருஷம் 1946 ஏப்ரல் நடுவில் தொடங்கியது, சர்வசித்து 1947-இல், சர்வதாரி 1948-இல். இங்கே எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘சர்வசித்து ௵ தை ௴’ என்பது 1948 ஜனவரி-பிப்ரவரி. ஆண்டு சித்திரையில் மாறுவதால், தை, மாசி, பங்குனிக்கு ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். இதைக் கவனிக்காமல் ‘சுதந்திரம் வந்த ஆண்டிலேயே கடை திறந்தார்’ என்று கல்வெட்டே வைத்துவிடுகிறார்கள்.

ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வந்தது. ஒரு வீசை 40 பலம், சுமார் 1.4 கிலோ, எனவே ‘2 வீசை 20 பலம்’ சீரகம் என்றால் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. படிக்கு இப்படிக் கணக்குப் போடாதீர்கள். படி ஊருக்கு ஊர் மாறும். ‘8 படி அரிசி’ என்று இருந்தால் 8 படி என்றே எழுதுங்கள், லிட்டரில் தசமப் புள்ளி வைத்து எழுத வேண்டாம். 1952 ஜூனில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார்; தானியம் விற்ற கடை என்றால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். கையெழுத்தையும் பாருங்கள். 1962, 1965, 1971-இல் மகன் எல்லையில் இருந்தபோது, தந்தையும் படுத்துவிட்ட மாதங்களில் எழுத்து மாறினால், எழுதியது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண். மலரில் அவர் பெயர் வருவதே இல்லை.

பேரேடு இல்லாத கடைக்கும் வழி உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று இணையத்தில் பொதுவாக 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதை நேரில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். தாய்ப்பத்திரத்தில் வாங்குபவர் தொழில் என்ற இடத்தில் ‘மாஜி சிப்பாய்’ என்றோ ‘வியாபாரம்’ என்றோ எழுதியிருக்கும். முதலாவது இரண்டாவதாக மாறும் பத்திரம் கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். அரிசி மில், விறகு டிப்போ போன்றவற்றுக்கு நகராட்சி உரிமம் தேவைப்பட்டது. பழைய ரசீதுகள் வீட்டில் கம்பியில் குத்தித் தொங்கிக்கொண்டிருக்கும். விற்பனை வரி 1939-இலேயே வந்துவிட்டதால் அந்தத் தாள்களையும் தள்ளிவிடாதீர்கள்.

பாதுகாப்பு பற்றிக் கொஞ்சம். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். செய்தால் பிரிக்க முடியாது, சூட்டில் மையும் கெடும். செல்லோ டேப்பும் அப்படித்தான். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் ஊதா நிறத்தில் இருப்பது காப்பியிங் பென்சில். ஈரத் துணி பட்டால் பரவி அழியும். ராமபாணப் பூச்சிக்கு வசம்பும் வேப்பிலையும் உதவும், ஆனால் தாளுக்கு நடுவே வைக்காமல் பெட்டி மூலையில் வையுங்கள். போனில் படம் எடுக்கும்போது ஸ்கேன் ஆப்பின் கறுப்பு-வெள்ளை வடிகட்டியை அணைத்துவிடுங்கள், பென்சில் எழுத்தை அது தின்றுவிடும். கலரில், அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட எடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பேரேட்டில் கடன்காரர் பெயர்கள் சாதி, தெரு விவரத்தோடு இருக்கும். அந்தக் குடும்பங்கள் இன்றும் அதே தெருவில் இருக்கின்றன. கண்காட்சியில் வைத்தாலும் மலரில் போட்டாலும் அந்தப் பத்தியை மறைத்துவிடுங்கள்.

வணிகர் சங்கங்களைக் கேட்பது: கடை இடித்துக் கட்டப்போவதாகத் தெரிந்தவுடன் ஓர் ஆள் போய்ப் பரணைப் பார்க்கட்டும், சங்கக் கட்டடத்தில் கரையான் ஏறாத ஒரு இரும்பு பீரோ ஒதுக்குங்கள். மூலத்தை வாங்கி வைக்காதீர்கள், நகல் போதும். படைவீரர் சங்கங்களைக் கேட்பது: ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதத் தெரிந்த ஓய்வு பெற்ற கிளார்க் உங்களில் ஒருவராவது இருப்பார். மாதம் ஒரு ஞாயிறு காலை அவரை மேஜை போட்டு உட்கார வையுங்கள். வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக், பதக்கம், பேரேடு மூன்றையும் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒன்றுமட்டும் இருந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
படைவீரர் குடும்ப ஆவணங்களோடு வேலை செய்யும் சிலர்