நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: வீடியோ கேம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீடியோ கேம் நிறுவனங்களில் எதை எப்போது வெளியே சொல்வது என்று முடிவெடுப்பவர்களுக்கு,

வணக்கம்.

அண்மையில் ஒரு கேமுக்கு வந்த அப்டேட், விளையாடியவரை பதிவாகியிருக்கும் சேவ் கோப்பைப் பலருக்கு அழித்துவிட்டது. என்னுடையதும் போனது. எந்த நிறுவனம் என்று இங்கே எழுதவில்லை. உங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அவர்கள் அன்று நடந்துகொண்ட விதம் அவர்களுக்கு மட்டும் உரியதும் அல்ல.

பக் வந்ததற்காக இதை எழுதவில்லை. இவ்வளவு பெரிய மென்பொருளில் பிழை வரத்தான் செய்யும். அன்று கேமைத் திறந்தால் ‘தொடர்க’ என்ற வரி மங்கிக் கிடந்தது. ‘புதிய ஆட்டம்’ மட்டும் அழுத்தக்கூடிய நிலையில் இருந்தது. உதவிப் பிரிவுக்கு எழுதியதும் தானியங்கிப் பதில் வந்தது: கேமை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். நிறைய பேர் அப்படியே செய்தோம். பழைய சேவின் நகல் ஒன்றை அந்தக் கேம் தன் ஃபோல்டருக்குள்ளேயே வைத்திருக்கிறது, அதன் பெயரை மாற்றினால் ஆட்டம் திரும்பக் கிடைக்கும் என்று பிறகு ஒரு ஆட்டக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். அதற்குள் எங்கள் நகல் போய்விட்டது. அந்தத் தானியங்கிப் பதிலை நம்பி நாங்களே நீக்கியிருந்தோம்.

‘கேமை நீக்க வேண்டாம், என்ன கோளாறு என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்’ என்று ஒரே ஒரு வரி அன்றைக்கே போட்டிருந்தால் எத்தனையோ பேருடைய ஆட்டம் தப்பியிருக்கும். அதை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வாரம் நிறுவனத்தின் பக்கத்தில் வந்ததெல்லாம் புதிய உடைகளுக்கான தள்ளுபடி அறிவிப்புகள். ஒவ்வொன்றின் கீழும் சேவ் என்ன ஆயிற்று என்று ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவருக்கும் பதில் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நடந்ததை நடந்தபடி, நடந்த நேரத்தில் சொல்லுங்கள்.

கேமர்கள் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறார்கள் என்பது உங்கள் தரப்பில் அடிக்கடி வரும் பதில். அந்த எதிர்பார்ப்பை வளர்ப்பது யார்? ‘சைபர்பங்க் 2077’ என்ற கேம் 2020 ஏப்ரலில் வருவதாக இருந்து, மூன்று முறை தள்ளிப்போய், டிசம்பர் 10 அன்று வந்தது. தள்ளிப்போனதைப் பெரும்பாலானோர் பொறுத்துக்கொண்டார்கள். ஆனால் வெளியீட்டுக்கு முன் விமர்சகர்கள் கைக்குப் போனது கணினிப் பதிப்பு மட்டும். டிவியுடன் இணைத்து விளையாடும் பழைய கன்சோல் கருவிகளில் அது எப்படித் தடுமாறுகிறது என்பது காசு கொடுத்து வாங்கிய பிறகே தெரிந்தது. ஒரு வாரம் கடந்ததும் சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் கடையிலிருந்தே எடுத்தது. திரும்பி வர அடுத்த ஆண்டு ஜூன் ஆயிற்று. இதில் அளவுக்கு மீறி எதிர்பார்த்தது என்ன? வாங்கிய கன்சோலில் கேம் ஒழுங்காக ஓட வேண்டும் என்பதா?

வாயைத் திறந்தாலே வம்பு, வேலையைப் பார்த்தால் போதும் என்று வாதிடுபவர்கள், விண்வெளியில் கோள் கோளாகச் சுற்றும் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ கேமைக் காட்டுவார்கள். 2016-இல் அது வந்த உடனேயே இருவர் ஒரே கோளில் ஒரே இடத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. மற்ற ஆட்டக்காரர்களைச் சந்திக்கலாம் என்று பேட்டிகளில் சொல்லப்பட்டிருந்தது. அதன்பின் நிறுவனம் நீண்ட நாள் பேசவே இல்லை. பலர் சேர்ந்து விளையாடும் முழுமையான மல்டிபிளேயர் வசதி 2018 ஜூலையில் வந்தது. உழைத்துச் சரிசெய்தார்கள், அதை மனதார மதிக்கிறேன். ஆனால் அந்த மௌனத்தையும் சேர்த்து வெற்றிக்கான வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பேசியும் மீண்டவர்கள் இருக்கிறார்கள். ‘ஃபைனல் ஃபேண்டசி 14’ 2010-இல் வந்து படுதோல்வி அடைந்தது. ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத் தலைவரே மன்னிப்புக் கேட்டார். மாதக் கட்டணம் வாங்குவதை நிறுத்தி வைத்தார்கள், பொறுப்பை நவோக்கி யோஷிதாவிடம் கொடுத்தார்கள். எதை மாற்றப் போகிறோம் என்று அவர் ஆட்டக்காரர்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 2013-இல் அந்தக் கேம் புதிதாகக் கட்டப்பட்டு வந்தபோது மக்கள் நம்பி வந்தார்கள்.

கேமை உருவாக்கும்போது நீங்கள் மௌனமாக இருந்தால் அது உங்கள் உரிமை. ‘சில்க்சாங்’ 2019-இல் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பரில்தான் வந்தது. இடையில் நீண்ட காலம் ஒரு செய்தியும் இல்லை. ஆவலில் புலம்பினோமே தவிர ஏமாந்தோம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. காசை வாங்கிக்கொண்ட பிறகு வரும் மௌனத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

அப்புறம் இன்னொன்று. 2014-இல் வெளியிட்ட ‘தி க்ரூ’ என்ற கார் பந்தயக் கேமின் சர்வர்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று மூடியது. தனியாக ஓட்டி விளையாடுவதற்கும் சர்வர் தேவைப்பட்டதால், வாங்கி வைத்திருந்தவர்களிடம் விளையாட முடியாத டிஸ்க்தான் மிஞ்சியது. இதனால் கிளம்பிய ஐரோப்பியக் குடிமக்கள் மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்துச் சேர்ந்தது. என்றாவது ஒருநாள் முடிந்துபோகும் பொருளை விற்கிறீர்கள் என்றால், குறைந்தது எத்தனை ஆண்டு ஓடும் என்பதை விற்கும்போதே சொல்வதில் என்ன கஷ்டம்?

எங்கள் பக்கமும் அழுக்கு இருக்கிறது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ வெளியீடு தள்ளிப்போனதற்கே அதை உருவாக்கியவருக்குக் கொலை மிரட்டல் போனது. எந்தக் கோபமும் அதை நியாயப்படுத்தாது. ஆனால் அந்த வசவை முதலில் வாங்குவது யார் என்று பாருங்கள். உங்கள் சமூக ஊடகப் பக்கத்தைக் கவனிக்கும் ஊழியர். கோளாறு என்னவென்று அவருக்கும் சொல்லப்படவில்லை. தெரிந்தாலும் சொல்ல அனுமதி இல்லை. மேலே இருப்பவர்கள் வாய் திறக்காததற்கு அவர் அடி வாங்குகிறார். அவருக்காகவாவது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேம்கள் பிடிக்காவிட்டால் இவ்வளவு எழுத மாட்டேன். பணிவாகக் கேட்பது இதுதான்: முன்பதிவுக்குக் காசு வாங்கும் முன், எந்தெந்தக் கருவிக்கு விற்கிறீர்களோ அந்தக் கருவியில் ஓடும் காட்சியை அப்படியே காட்டுங்கள். கோளாறு வந்தால், காரணம் தெரியாத நிலையிலும், தெரியவில்லை என்பதை அன்றைக்கே எழுதுங்கள். சரிசெய்ய முடியாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதைக் கேட்டுக்கொள்ள நாங்கள் தயார்.

இப்படிக்கு,
உங்கள் கேம்களைக் காசு கொடுத்து வாங்கி விளையாடும் ஒருவன்