நடுப் பொத்தானை அமுக்கு

பீடோர், மலேசியா
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய குரல் செய்தியை அப்பா மூன்று தடவை போட்டுக் கேட்டார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வீடு போன்ற வாடகை மோட்டார்ஹோமில் டென்வரிலிருந்து எல்லோஸ்டோன் போகிறாய் என்றதில் அவருக்கு ஏக சந்தோஷம். ஆனால் கடைசியில், “இங்கே பெட்ரோல் எண்ணெய் 85, 87, 91 என்றுதான் இருக்கிறது, நம் ஊர் 95 கூட இல்லையே, எஞ்சின் தாங்குமா?” என்று கேட்டாய் பார், அதிலிருந்து வீட்டில் சண்டை. இருப்பதிலேயே விலை கூடியதை ஊற்றச் சொல் என்கிறார். எண்ணெய் நிலையத்தில் 19 வருடம் வேலை பார்த்தவள் நான். வேண்டாம் என்கிறேன்.

முதலில் அந்த எண், அதாவது ஆக்டேன் எண். நம் ஊரில் ரோன் (RON) என்ற சோதனைக் கணக்கு. அமெரிக்காவில் ரோனையும், அதைவிடக் கடுமையான சோதனையில் வரும் மோனையும் (MON) கூட்டிப் பாதியாக்கிப் போடுகிறார்கள். நம் 95 அங்கே 90, 91 ஆகிவிடும். அங்கே இருக்கிற 87 நம் கணக்கில் 91, 92. மைலும் கிலோமீட்டரும் மாதிரிதான், தூரம் ஒன்றே. 2009 வரை நம் பம்பிலேயே 92 விற்றோம். தோட்டத்துப் பாதி வண்டிகள் அதில்தான் ஓடின.

எண் கூடினால் எண்ணெயில் சக்தி கூடுகிறது என்றுதான் கவுண்டருக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நினைத்தார்கள். அப்படி இல்லை. சிலிண்டருக்குள் எண்ணெயும் காற்றும் நசுங்கும்போது, பிளக் பொறி விட்டு அந்த நெருப்பு ஒழுங்காகப் பரவ வேண்டும். அதற்குள் ஒரு மூலையில் தானாகவே வெடித்தால் அதுதான் நாக்கிங். அப்படி வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதைத்தான் எண் சொல்கிறது. இறுக்கி நசுக்குகிற எஞ்சினுக்குக் கூடுதல் எண் வேண்டும். வாடகை மோட்டார்ஹோமில் வருகிற பெரிய பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் 87 போதும் என்று கட்டப்பட்டவை. அதில் 91 ஊற்றினால் பணம்தான் எரியும்.

அப்பாவுக்கு நம் ஊரின் விலை கூடிய 97 மேல் இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது தெரியுமா? உனக்கு அப்போது ஐந்து வயது. பழைய டட்சனில் தாப்பா வழியாகக் கேமரன் மலை ஏறினோம். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் ‘டொக் டொக்’ என்று சத்தம். பாட்டி பின்சீட்டில் வெற்றிலை இடிக்கிறார் என்று நினைத்து அப்பா, “அம்மா, கொஞ்சம் நிறுத்துங்க, எஞ்சின் சத்தம் கேக்கல” என்றார். பாட்டி இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். உரல் பையிலேயே இருந்தது. இடித்தது எஞ்சின். டாங்கியில் இருந்தது 92. மேலே 97 ஊற்றினோம், திரும்பும்போது சத்தம் இல்லை. அன்று முதல் 97 அவருக்கு லேகியம்.

மீதிக் கதையை அவர் யாருக்கும் சொல்வதில்லை. மறுவாரம் பட்டறையில் பார்த்தால் பிளக் பொறி விடும் நேரம், அதாவது டைமிங், முன்னால் தள்ளியிருந்தது. மெக்கானிக், பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு விரல்கடை கூட இல்லை, லேசாகத் திருப்பினார். அப்புறம் 92-இலும் சத்தம் வரவில்லை! இப்போதைய எஞ்சின்களில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கிற சென்சார் இருக்கிறது, டைமிங்கைத் தானே பின்னால் இழுத்துக்கொள்ளும்.

சரி, டென்வருக்கு வருவோம். அங்கே ‘ரெகுலர்’ என்று எழுதியிருப்பது 85. அதை ஊற்றாதே. டென்வர் நம் கேமரன் மலைத் தானா ராத்தாவைவிட உயரம், காற்று மெல்லிசு. கார்புரேட்டர் காலத்து வண்டிகளில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்துவிடும், அதனால் 85 போதும் என்று ஆரம்பித்த வழக்கம் அது. இப்போதைய எஞ்சினுக்குப் பொருந்தாது. வண்டியின் கையேட்டுப் புத்தகம் 87 கேட்டால் அந்த ஊரில் நடுப் பொத்தான்தான் உனக்கு. பெயரைப் பார்க்காதே, மஞ்சள் ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் பார். வண்டி நிறையச் சாமான், வெயில், ஏற்றம் எல்லாம் சேர்ந்து ‘டொக் டொக்’ கேட்டால் கியரைக் குறைத்து ஏறு, அடுத்த தடவை 91 ஊற்றிப் பார்.

இன்னொரு கண்ணி 88. 87-ஐவிட எண் கூட, விலை குறைவு. உன் அப்பா பார்த்தால் விடவே மாட்டார். பெரும்பாலும் அது 15 விழுக்காடு எத்தனால் கலந்தது. 2001 மாடல் முதல் வந்த சாதாரணக் கார்களுக்கு அனுமதி உண்டு. கனரக வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் கூடாது. பெரிய மோட்டார்ஹோம் கனரகக் கணக்கில் வரும்.

கைப்பிடி நிறத்தை நம்பாதே. நம் ஊரில் மஞ்சள் 95, பச்சை 97. அங்கே பல இடங்களில் பச்சை என்றால் டீசல். நானே ஒரு தடவை தோட்ட அலுவலக எழுத்தரான கிராணியின் டீசல் வேனில் 95 ஊற்றிவிட்டேன். முச்சந்தி வரைக்கும்கூடப் போகவில்லை. டாங்கி கழுவிய காசு என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். அரைத் தூக்கத்தில் நிற்பாய், இரண்டு தடவை படி.

வண்டிக்குள் கரண்ட் தரும் ஜெனரேட்டரும் அதே டாங்கியில் குடித்தால், டாங்கி கால்வாசிக்கு வந்ததும் அது நின்றுவிடும். பயப்படாதே, உன்னை நடுக்காட்டில் மாட்டிவிடாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

அப்பா இப்போது அடையாள அட்டையைக் கொடுத்து, மானிய விலையில் லிட்டர் 1.99 வெள்ளிக்கு 95 ஊற்றுகிறார், 97 பேச்சே இல்லை. ஆனாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். வண்டியை எடுத்ததும் பெட்ரோல் மூடியைத் திறந்து, எந்த எண் ஊற்றச் சொல்லி உள்ளே ஒட்டியிருக்கிறது என்று படம் பிடித்து அனுப்பு. அவருக்குக் காட்ட வேண்டும்.

அம்மா