அந்த ஆறு லைட்டை வாங்காதே, அக்கா

வெஸ்ட்லாண்ட், நெதர்லாந்து
டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். நீ, மாமா, பாப்பா, அம்மா எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் பாதி நேரம் நீ சிக்னல் தேடி வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடப்பதிலேயே போய்விடுகிறது. நாற்று ஷெட்டுக்கு என்ன லைட் போடலாம் என்று நீ கேட்டதும் போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாமாவிடமும் ஒரு தடவை படிக்கக் கொடு. வயரிங் எல்லாம் அவர் கையில்தானே இருக்கிறது.

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புரோக்கோலி நாற்று நூல் மாதிரி நீண்டு, ரெண்டு இலையைத் தலையில் சுமந்துகொண்டு, மொத்தமும் ஜன்னல் பக்கம் சாய்ந்து நிற்கிறது. விதையைத் திட்டாதே, உரமும் கூட்டாதே. வெளிச்சம் பத்தவில்லை, அவ்வளவுதான். ஐப்பசி கார்த்திகையில் நம் கோத்தகிரியில் மூடுபனி இறங்கினால் வாரக்கணக்கில் தரையில் நிழலே விழாதே, நாற்று என்ன செய்யும்?

கோயம்புத்தூரில் ஒருவர் பழைய 400 வாட் சோடியம் லைட் ஆறு செட், சோக், ரிஃப்ளெக்டரோடு மலிவாகத் தருகிறார், "உங்க தம்பி இருக்கிற நாட்டுல இதுதாங்க போடறாங்க" என்று வேறு சொன்னார் என்று எழுதியிருந்தாய். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் வாங்காதே. ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே டிசம்பரில் சூரியன் உதிக்கக் காலை எட்டே முக்கால் ஆகிறது. சாயங்காலம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். இடையில் வருகிற வெளிச்சமும் கஞ்சித் தண்ணி மாதிரிதான் இருக்கும். இந்த ஊரில் பல மைல் தூரத்துக்குக் கண்ணாடி வீடுகள். உள்ளே தக்காளி, குடைமிளகாய், பூ. தக்காளிச் செடிக்கு மேலே வரிசை வரிசையாக 1,000 வாட் சோடியம் லைட் தொங்குகிறது. நான் வேலை செய்கிற தோட்டத்தில் சொந்தமாக ஒரு கேஸ் இன்ஜின் ஓடுகிறது. அதில் வரும் கரண்ட் லைட்டுக்கு, சூடு தண்ணீர்க் குழாய் வழியாகச் செடிகளின் காலடிக்கு, புகையைச் சுத்தம் செய்து எடுக்கும் கார்பன் டை ஆக்சைடு இலைக்கு. கசாப்புக் கடையில் ஆட்டின் வாலைக்கூட விடாத மாதிரி எதையும் வீணாக்க மாட்டார்கள். சோடியம் லைட் கக்குகிற சூடும் இந்தக் குளிரில் அவர்களுக்கு வரவுதான். அப்படியும் 2022-ல் கேஸ் விலை ஏறியபோது பல பேர் அந்தக் குளிர்காலம் முழுக்க லைட்டை அணைத்தே வைத்திருந்தார்களாம்.

உன் கதை வேறு. கோத்தகிரியில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கிறது. உனக்குக் குறைவது மூடுபனி நாட்களில் மட்டும், அதுவும் சாண் உயர நாற்றுக்கு மட்டும். அதற்கு ஆறடி தக்காளிக் கொடியின் லைட் எதற்கு? உன் ஷெட் கூரை எட்டடி. 400 வாட் சோடியம் லைட்டை நாற்றுக்கு மூணடி மேலேயாவது தூக்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் இலை கருகும். அப்படிக் கட்டினால் ஒரே ஒரு தட்டுதான் வைக்க முடியும், அடுக்கு கட்ட வழியே இல்லை. அந்த மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் ரொம்பக் குறைவு. காய்க்கிற செடி அதில் காய்க்கும். நாற்றோ நீலம் கிடைத்தால்தான் குட்டையாக, தண்டு பருத்து வரும். நெட்டை நாற்றைக் குட்டையாக்கப் போய், காசு கொடுத்து இன்னும் நெட்டையாக்கிக்கொள்வாய்.

சோக் சமாச்சாரத்தை மாமாவுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். டியூப் லைட் சோக் மாதிரிதான், ஆனால் இது செங்கல் கனம் இருக்கும். கூடவே ஒரு இக்னைட்டர், ஒரு கண்டென்சர். இக்னைட்டர் 3,000, 4,000 வோல்ட் அடித்துத்தான் விளக்கை எழுப்பும். அதனால் ஹோல்டரும் ஒயரும் அதைத் தாங்குகிற ரகமாக இருக்க வேண்டும். வீட்டு பல்பு ஒயரைப் போட்டு ஒப்பேற்ற முடியாது. பழைய செட்டில் கண்டென்சர் பெரும்பாலும் செத்திருக்கும். லைட் எரியும், யாருக்கும் எதுவும் தெரியாது, ஆனால் ஒயரில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கரண்ட் ஓடிச் சுடும். அப்புறம், 400 வாட் விளக்குக்கு 400 வாட் சோக், சோடியத்துக்குச் சோடியம் சோக். சோடியத்துக்குப் பதிலாக மெட்டல் ஹாலைடு விளக்கை மாட்டிப் பார்ப்போம் என்று மாமா இறங்கினால் தடுத்துவிடு. அந்த விளக்கு வெள்ளையாக, நீலம் கூடுதலாகத்தான் எரியும். ஆனால் பொருந்தாத சோக்கில் வெடிக்கக்கூட வாய்ப்பிருக்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய தொல்லை கரண்ட் போவது. சூடாக எரிந்துகொண்டிருந்த சோடியம் லைட் ஒரு நொடி அணைந்தாலும் ஆறினால்தான் திரும்பப் பிடிக்கும். இது எனக்கு நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ராத்திரி ஷிப்டில், எதையோ பார்க்கப் போய்த் தவறான பொத்தானை அழுத்திவிட்டேன். தலைக்கு மேலே ஒரு பகுதி முழுக்கக் கறுத்துவிட்டது. உடனே திரும்பப் போட்டேன், ஒன்றும் வரவில்லை. டிக் டிக் என்று சத்தம் மட்டும். இருநூறு லைட்டையும் கெடுத்துவிட்டேன், சம்பளத்தில் பிடிப்பார்கள், ஊருக்கு டிக்கெட் போட வேண்டியதுதான் என்று நினைத்து அப்படியே நின்றேன். கூட இருந்த போலந்துக்காரர் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகச் சிவந்து, மங்கலாக எழுந்து, பழைய வெளிச்சத்துக்கு வர இன்னும் சில நிமிஷம் பிடித்தது. நம் ஊரில் மழை நாளில் கரண்ட் எத்தனை தடவை கண்ணடிக்கும்? நீயே கணக்குப் போட்டுக்கொள்.

சரி, என்ன வாங்கலாம்? நாலடி எல்.இ.டி. டியூப், 20 வாட், வெள்ளை, பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்துக்கு 6500 என்று எண் போட்டிருப்பது. அவ்வளவுதான். செடிக்கென்றே ஊதாக் கலரில் விற்பதை வாங்காதே. எங்கள் தோட்டத்தில் ஒரு பகுதியில் அந்தச் சிவப்பு நீல லைட் இருக்கிறது. செடி நன்றாகத்தான் வளர்கிறது. ஆனால் அந்த வெளிச்சத்தில் இலை எல்லாம் கறுப்பாகத் தெரியும். மஞ்சள் விழுந்ததா, சாம்பல் நோய் வந்ததா, எதுவும் தெரியாது, தனியாக வெள்ளை லைட் போட்டுத்தான் பார்க்கிறோம். பெட்டியில் லூமென் கூட இருக்கிறதே என்று மயங்கவும் வேண்டாம். லூமென் மனுஷக் கண்ணுக்குப் போட்ட கணக்கு, இலைக்குப் போட்டது இல்லை. சோடியம் லைட் அந்தக் கணக்கில் ராஜா மாதிரி தெரிவதும் அதனால்தான். பழைய சாதா டியூப் எங்கேயாவது சும்மா கிடைத்தால் அதுவும் ஓடும். இங்கே ஐரோப்பாவில் பாதரசம் இருப்பதால் 2023 ஆகஸ்ட்டோடு அதைக் கடைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள்.

நாலடிக்கு ரெண்டடி பலகையில் உன் குழித்தட்டு நாலு பக்கத்தில் பக்கத்தில் உட்காரும். ஒரு அடுக்குக்கு மூணு டியூப், நாற்றின் தலையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். வெளிச்சத்துக்கு முக்கியம் இந்தத் தூரம்தான், அக்கா. ரெண்டு சாண் தூக்கிவிட்டாயானால் வெளிச்சம் சுவருக்கும் தரைக்கும் பங்கு போய்விடும். சங்கிலியில் தொங்கவிடு, நாற்று வளர வளர ஒவ்வொரு கண்ணியாக ஏற்றிக்கொள்ளலாம். நாலு அடுக்குக்கு மொத்தம் 240 வாட். பதினாலு மணி நேரம் எரித்தால் மூணரை யூனிட்கூட வராது. அந்த ஆறு சோடியம் லைட் சோக் தின்பதையும் சேர்த்து அதே நேரத்தில் 36 யூனிட்டுக்கு மேல் இழுக்கும். ஒரு டைமர் வாங்கிவிடு, ராத்திரி எழுந்து அணைக்கிற வேலை வேண்டாம். வெயில் அடிக்கிற நாளில் எதையும் போடாதே.

ரிஃப்ளெக்டருக்குத் தனியாகச் செலவு வேண்டாம். அலுமினியத் தாள் ஒட்டலாமா என்று கேட்டிருந்தாய். அது கசங்கியதும் ஒரு இடத்தில் சூடும் ஒரு இடத்தில் இருட்டுமாகக் குவிக்கும். சுவருக்கும் பலகையின் அடிப்பக்கத்துக்கும் வெள்ளையடி. பொங்கலுக்கு அடிக்கிற சுண்ணாம்பே போதும், பளபளப்பே இல்லாத வெள்ளை நூற்றுக்கு எண்பது பங்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும், ஈரச் சுவரில் பூஞ்சையும் ஏறாது. மாதம் ஒரு தடவை டியூப்பை அணைத்து, ஆறவிட்டுத் துடை. நாங்கள் கோடையில் ரிஃப்ளெக்டர்களைத் துடைக்கிறோம். ஒரு வருஷத் தூசு துணியில் கறுப்பாக வரும்போது, இத்தனை வெளிச்சத்தையா இது தின்றது என்று இருக்கும்.

மாமாவிடம் இன்னொன்று: ஷெட்டுக்குத் தனியாக ஈ.எல்.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் சுவிட்ச், போடச் சொல். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒயர் பிளக்குக்கு வரும் முன்னால் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏற வேண்டும், பனித்தண்ணி வழிந்தால் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும்.

என் ரூமில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் ஜன்னலோரம் வைத்து இலை எல்லாம் கொட்டி மொட்டைக் குச்சியானது. இந்த வருஷம் ஒரு எல்.இ.டி. பல்பை மேசை விளக்கில் மாட்டி ஒரு சாண் உயரத்தில் வைத்தேன். கொழுந்து விட்டிருக்கிறது. ரசத்துக்கு ரெண்டு இலை கிள்ள மனசு வரவில்லை.

அம்மா கேட்டாளே, அங்கே ராத்திரி விடியவே விடியாதாமே என்று. சொல்லு, இங்கே இருட்டினாலும் இருட்டுவதில்லை. கண்ணாடிக் கூரைக்கடியில் திரையை இழுத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு வெளிச்சத்தை மறைக்க வேண்டும் என்பது இங்கே விதி. மீதி கசிவதிலேயே மேகம் எல்லாம் செம்மஞ்சளாக இருக்கும். முதல் தடவை பார்த்தபோது எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மூடுபனி இறங்குகிற ராத்திரியில் சைக்கிளில் திரும்பும்போது, நம் பஸ் ஸ்டாண்டு சோடியம் லைட்டுக்கடியில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு நின்ற மாதிரியே இருக்கிறது. வேர்க்கடலை மட்டும் இல்லை.

ஷிப்டுக்கு நேரமாகிறது. பாப்பாவுக்கு முத்தம்.

அன்புடன்,
உன் தம்பி

பின்குறிப்பு: அந்த ஆறு லைட்டுக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் சொல்லிவிடு, திட்ட மாட்டேன். சோக்குக்குள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா என்று மட்டும் மாமாவைப் பார்க்கச் சொல். செம்பு என்றால் மேட்டுப்பாளையத்தில் பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.