சித்தப்பாவுக்கு, என்லார்ஜர் விஷயமாக

அன்புள்ள சித்தப்பா,

நெகட்டிவைப் பெரிதாக்கி பிரிண்ட் போடும் அந்த என்லார்ஜரைக் கொடுத்துவிட்டேன். விற்கவில்லை, ஒரு காலேஜ் பையன் ஆசையாகக் கேட்டான், கொடுத்தேன். வேறு யாராவது உங்கள் காதில் போடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள், அதனால் அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சுக்குள் நான் போகவில்லை.

அமெரிக்க கலர் போட்டோகிராஃபர் வில்லியம் எகிள்ஸ்டனின் படத்தை உங்களிடம் காட்டிய சாயங்காலம்தான் மனசில் ஓடுகிறது. 1973இல் மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊரில் எடுத்தது. ரத்தச் சிவப்பில் பெயின்ட் அடித்த சீலிங், நடுவில் ஷேடு இல்லாத குண்டு பல்பு, அதிலிருந்து ஓடும் வெள்ளை ஒயர்கள். கீழே ஓரத்தில் எட்டிப்பார்க்கும் போஸ்டரைப் பற்றி இங்கே எழுத முடியாது, சித்தி படிப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனீர்கள். “கலரை எடுத்துட்டா இதுல என்னடா இருக்கு?”

ஒன்றுமே இல்லை சித்தப்பா. அதற்காகத்தானே காட்டினேன்! கறுப்பு வெள்ளையில் அது ஒரு பல்பு, அவ்வளவுதான். அந்தச் சிவப்புதான் படம். நாற்பது வருஷம் டார்க் ரூமின் சிவப்பு விளக்கடியில் நின்ற உங்களுக்கா இதைச் சொல்ல வேண்டும்?

சரி, நீங்கள் தனி ஆள் இல்லை. பெரிய அமெரிக்க போட்டோகிராஃபர் வாக்கர் எவன்ஸே கலரைக் கொச்சை என்றவர். கடைசிக் காலத்தில் போலராய்டைத் தூக்கிக்கொண்டு அவரும் கலரில் எடுத்தார். 1976இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அதன் புகைப்படப் பிரிவுத் தலைவர் ஜான் சார்க்கோவ்ஸ்கி எகிள்ஸ்டனின் படங்களை மாட்டியபோது, கலை விமர்சகர் ஹில்டன் கிரேமர் நியூயார்க் டைம்ஸில் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தக் கண்காட்சிக்கு இப்போது 50 வயது.

இன்னொன்று உங்களுக்குப் பிடிக்கும். அந்த பிரிண்டெல்லாம் டை டிரான்ஸ்ஃபர், விளம்பரக்காரர்கள் பயன்படுத்திய முறை. மூன்று ஜெலட்டின் ஃபிலிம்களைத் தனித்தனிச் சாயத்தில் ஊறவைத்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக இம்மி பிசகாமல் ஒற்ற வேண்டும். உங்கள் கைக்கு ஏற்ற வேலை.

கலர் ரோல் வந்து, கழுவுகிற வேலை லேபுக்குப் போய், உங்கள் டார்க் ரூம் சாமான் போடும் அறையானது எனக்குத் தெரியாதா? அந்தக் கோபத்தை நான் குறை சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் பந்தியில் அத்தனை பேர் நடுவில் என் படங்களைக் “காலண்டர் படம்” என்றீர்களே, அதற்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? பார்த்தீர்களா, போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

உங்கள் தெய்வம், கறுப்பு வெள்ளைக்குப் பேர்போன பிரெஞ்சுக்காரர் கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1966இல் ஜெய்ப்பூரில் படமெடுத்ததைக் கூட இருந்து பார்த்தவர் நம்மூர் போட்டோகிராஃபர் ரகுபீர் சிங். அவரிடம் கற்றுக்கொண்டு, கடைசிவரை கலரில்தான் எடுத்தார். குருத்துரோகம் என்று யாரும் சொல்லவில்லை.

அந்தப் பையன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவான். டெவலப்பர் கலக்கச் சொல்லிக்கொடுங்கள், எனக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. அவனும் கலர் கேமரா வைத்திருக்கிறான், திட்டாதீர்கள்.