மாமாவைக் கூட்டிக்கொண்டு போ, அக்கா

லெஸ்டர், இங்கிலாந்து,
மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்த என் வீட்டுக்காரி, உன் நாத்தனார், வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறாள். அன்றைக்குப் போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது உனக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்திருக்காது. மாமா வேறு பின்னாலிருந்து "என் தங்கச்சிட்ட போனைக் குடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால்தான் வரிசையாக எழுதுகிறேன். முதலில் நீ படி. அப்புறம் மாமாவைப் பக்கத்தில் உட்கார வைத்து வாசித்துக் காட்டு. பின்பாதி, அவர் ஏன் உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று அவருக்காகவே எழுதுவது. அம்மாவிடம் மட்டும் "லேசான மயக்கம்" என்று நீ சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தவள், தாடை வலிக்கிறது, பல் வலி போல என்றாள். கொஞ்ச நேரத்தில் முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே வலி என்றாள். வெளியே கடும் குளிர், இவளுக்கோ நெற்றியெல்லாம் வேர்வை. குமட்டுகிறது, ராத்திரி சாப்பிட்ட கொண்டைக்கடலைதான் வாயுவாக நிற்கிறது என்று ஓமத் தண்ணீர் கேட்டாள். நெஞ்சைப் பிடிக்கவில்லை, கத்தவில்லை. சினிமாவில் காட்டுவது போல ஒன்றுமே இல்லை, அக்கா. முகம் மட்டும் வெளிறிப்போயிருந்தது. பெரியவள் பள்ளிக்கூடத்தில் முதலுதவி படித்தவள், அம்மா முகத்தைப் பார்த்த உடனே 999க்கு அடித்துவிட்டாள். நம்மூர் 108 மாதிரி இங்கே 999. போனில் பேசிய பெண், நோயாளியை நடக்க விடாதே, உட்கார வை, கதவைத் திறந்து வை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் எங்கள் கூடத்திலேயே ஈசிஜி எடுத்து, ஆஸ்பிரின் மாத்திரையை விழுங்கச் சொல்லாமல் மென்று தின்னச் சொன்னார்கள். மென்றால் ரத்தத்தில் சீக்கிரம் கலக்குமாம்.

அந்த ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. இதை மாமா நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து ட்ரோபோனின் என்று ஒன்றைப் பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டால் அது ரத்தத்தில் கூடும். சில மணி நேரம் விட்டு மறுபடியும் எடுத்துப் பார்த்தபோது ஏறியிருந்தது. அப்போதுதான் மாரடைப்பு என்று உறுதியாகச் சொன்னார்கள். வார்டில் படுக்கை கிடைக்க ராத்திரி முழுக்க ஆகிவிட்டது. அவசரப் பிரிவில் தள்ளுகட்டிலில் அவளும், பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நானும். அந்த இரவைப் பற்றி அதிகம் எழுத மனசு இல்லை.

மறுநாள் நடந்ததைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். அப்பாவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது டாக்டர் என்ன செய்தார், நினைவிருக்கிறதா? என்னையும் மாமாவையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். நாங்கள் உள்ளே வந்து "ஒண்ணுமில்லப்பா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்றோம். இங்கே வந்த டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. கட்டில் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்து, எல்லாவற்றையும் அவளிடமே சொன்னார். மொழிபெயர்த்த அம்மா யாழ்ப்பாணத்துக்காரர் போல. நிதானமான, அன்பான குரல். மணிக்கட்டில் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, மெல்லிய குழாயை இதயம் வரை விட்டு, மருந்து செலுத்திப் படம் பார்ப்போம். அடைப்பு இருந்தால் அப்போதே ரத்தக்குழாயை விரித்து வைக்கிற ஸ்டென்ட் வைப்போம். நீங்கள் விழித்துத்தான் இருப்பீர்கள். இதில் ரத்தக்கசிவு வரலாம், பக்கவாதம் வரலாம், அபூர்வமாக உயிருக்கே ஆபத்தும் வரலாம். இவ்வளவையும் அவளிடம் நேராகச் சொன்னார்கள், அக்கா. எனக்குக் கை நடுங்கியது. நான் மறைத்திருப்பேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள் பார், எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்விகள். செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? சர்க்கரை மாத்திரையை அன்றைக்குச் சாப்பிடலாமா? அந்தக் கையால் இனிமேல் பாத்திரம் தூக்கலாமா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, "சரி, செய்யுங்க" என்று தமிழிலேயே சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை. உடம்பு யாருடையதோ அவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், அதுதான் நியாயம் என்று இப்போது எனக்குப் படுகிறது. அப்பாவிடமும் நாம் சொல்லியிருக்கலாம்.

இதயத்தின் முன்பக்கம் இறங்குகிற குழாயில் பெரிய அடைப்பு இருந்தது. ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பேனாவுக்குள் இருக்கிற சுருள் கம்பி மாதிரி சின்னதுதான், படத்தில் காட்டினார்கள். வெளியே வந்தவள் மணிக்கட்டில் காற்று அடைத்த ஒரு பட்டையோடு, பசிக்கிறது என்றாள். இப்படிக் குழாய் விட்டு இதய அடைப்பை முதன்முதலில் 1977இல் சூரிச்சில் ஒரு டாக்டர் திறந்தாராம், அதுவரை நெஞ்சைப் பிளந்துதான் செய்ய வேண்டியிருந்தது என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னாள். நம் மாமனார் காலத்திலேயே இதெல்லாம் உலகத்தில் வந்துவிட்டது, அக்கா. அவர் வரைக்கும் வந்து சேரவில்லை.

அந்த நர்ஸ் கோட்டயத்துப் பெண். இங்கே எந்த வார்டுக்குப் போனாலும் ஒரு மலையாளி நர்ஸ் இருக்கிறார். ராத்திரியில் துணைக்கு ஆள் தங்க விடமாட்டார்கள். பார்வை நேரம் முடிந்தால் வெளியே போய்விட வேண்டும். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. நம்மூரில் ஒருத்தர் படுத்தால் கட்டிலுக்குக் கீழே பாய் போட ஒருத்தர், வெளியே மரத்தடியில் நாலு பேர், தூக்குச் சட்டியில் கஞ்சியோடு ஒருத்தர் என்று குடும்பமே இருக்கும். இங்கே அவளைத் தனியாக விட்டுவிட்டு நான் பஸ் ஏறினேன். அந்தப் பெண்தான் "சேட்டா, நான் இருக்கேன்ல, போயிட்டு வாங்க" என்று தமிழில் சொல்லி அனுப்பினாள். ராத்திரி இரண்டு மணிக்கு உன் நாத்தனார் விழித்துக்கொண்டு அழுதபோது அந்தப் பெண்தான் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அவள் குடும்பம் நன்றாக இருக்க வேண்டும் என்று நம்மூர் ஜெனகை மாரியம்மனிடம் நீயும் வேண்டிக்கொள்.

பணத்தைப் பற்றி மாமா கவலைப்பட வேண்டாம். ஆம்புலன்ஸ், ஆஞ்சியோ, ஸ்டென்ட், படுக்கை, சாப்பாடு, எதற்கும் பில் வரவில்லை. விசா எடுக்கும்போதே மருத்துவக் கட்டணம் என்று பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மூன்று வருடத்துக்கு ஆளுக்கு 3,105 என்று முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள் அல்லவா? அந்தப் பணம் மாமா வெற்றிலைக் கொடிக்காலை அடகு வைத்துக் கொடுத்தது. அவர் தங்கச்சியின் இதயத்துக்கு அவர்தான் செலவு செய்திருக்கிறார் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல். மருந்துக்கு மற்றவர்கள் ஒவ்வொன்றுக்கும் 9.90 பவுண்டு கட்ட வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் இலவசம். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு, வயிற்றுக்கு என்று ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒரு வருடத்துக்கு ஒரு வேளைகூட விடக்கூடாது, விட்டால் ஸ்டென்டே அடைத்துக்கொள்ளும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவள் சுவரில் அட்டவணை ஒட்டி வைத்திருக்கிறாள்.

சாப்பாட்டில் உப்புதான் முதல் எதிரி என்கிறார்கள். நீ ஆசையாக அனுப்பிய உப்புக்கண்டமும் மோர் மிளகாயும் மேல் அலமாரிக்குப் போய்விட்டன. அடுத்த முறை அவற்றுக்குப் பதில் கேழ்வரகு மாவும் கொள்ளும் அனுப்பு.

இப்போது மாமாவுக்கு.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் அப்பா எப்படி இறந்தார்? அவள் நமக்குத் தெரிந்த கதையைத்தான் சொன்னாள். காலையிலிருந்தே இடது கை குடைகிறது என்றார், கொடிக்காலுக்குப் போனவர் உச்சி வெயிலில் வரப்பிலேயே சாய்ந்தார், வேர்த்துக் கொட்டியது, ஊரில் முனி அடித்துவிட்டது என்றார்கள், 52 வயது. மொழிபெயர்த்த அம்மா ஒரு நிமிடம் நிறுத்தி, அப்புறம் அப்படியே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு, "அது பெரும்பாலும் இதயமாகத்தான் இருக்கும், வருந்துகிறேன்" என்றார். அப்பாவுக்கு 55 வயதுக்குள் இதய நோய் வந்திருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து கூடுமாம். இந்தியா பக்கத்து மக்களுக்கு மற்றவர்களைவிட இளவயதிலேயே இது வருகிறதாம். உடன்பிறந்தவர்கள் உண்டா என்று கேட்டார். "ஒரே அண்ணன், 50 வயசு, வெத்தலையோட பொகையிலை போடுவாரு" என்று சொல்லும்போதே அவள் குரல் உடைந்துவிட்டது. அவரை உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்றார். அதிலிருந்து தனக்கு வந்ததைவிட அண்ணனை நினைத்துத்தான் அவள் அழுகிறாள்.

மாமா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். "ஏணி வச்சு ஏறிக் கொடி கட்டுறேன், எனக்கு என்ன?" என்பார். மாமனாரும் அன்றைக்குக் காலையில் ஏணி ஏறினவர்தான். ஈசிஜி மட்டும் எடுத்துவிட்டு நல்லா இருக்கு என்று திரும்பி வந்துவிட வேண்டாம். தங்கச்சியின் முதல் ஈசிஜியிலும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லையே. பிரஷர், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, இவற்றைப் பார்க்கட்டும். அப்பாவுக்கு 52 வயதில் இப்படி, தங்கச்சிக்கு 44 வயதில் இப்படி என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். இதயத்துக்கு எக்கோ ஸ்கேனா, டிரெட்மில் சோதனையா என்று அதை வைத்துத்தான் அவர் முடிவு செய்வார். நம்மூர் அரசு ஆஸ்பத்திரியில் தொடங்குங்கள். மேற்கொண்டு வேண்டுமென்றால் பெரியாஸ்பத்திரி இருக்கிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது. அட்டை பீரோவில் நிலப் பத்திரத்தோடு இருக்கும், தேடி எடுத்து வை. அம்மாவுக்கு வீடு தேடி வந்து சர்க்கரை மாத்திரை கொடுக்கிற அந்தப் பெண் அடுத்த முறை வரும்போது, மாமாவுக்கும் பிரஷர் பார்க்கச் சொல்.

வெற்றிலையை விடச் சொல்லவில்லை. அது அவர் பயிர், அவர் சோறு. புகையிலையைத்தான் விட வேண்டும். புகைத்தால்தான் கெடுதல் என்று நினைக்கிறார், மென்றாலும் இதயத்தைக் கெடுக்கும்.

உனக்கும் ஒன்று சொல்ல வேண்டும், அக்கா. பொங்கலுக்குப் பேசியபோது தோள் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறேன், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாய். உனக்கும் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போய் வலி சரியாகத் தெரியாமலே மாரடைப்பு வரலாம், பெண்களுக்குத் தாடை, முதுகு, களைப்பு, குமட்டல் என்றுகூட வரலாம் என்று இங்கே சொன்னார்கள். அவளுக்கு வந்ததும் அப்படித்தான். மாமாவோடு நீயும் சேர்ந்து பார்த்துக்கொள். நடுவில் யாருக்காவது அப்படி இருந்தால் சோடா, ஓமம், பைக்கில் மதுரைக்கு என்று போகாதீர்கள். 108க்கு அடியுங்கள்.

வைகாசித் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னோம், முடியாது. இதய நோயாளிகளுக்கு என்று வாரா வாரம் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறார்கள், அதை முடிக்காமல் கிளம்பக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். டாக்டர் சரி என்றால் தீபாவளிக்கு வருகிறோம். நீ நேர்ந்துகொண்ட தீச்சட்டியை நான் தடுக்கவில்லை. ஆனால் அம்மன் வைகாசி வரை காத்திருப்பாள், ஆஸ்பத்திரிக்கு இந்த வாரமே போய் வா.

வெள்ளிக்கிழமை உங்கள் நேரம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுகிறேன். அதற்குள் ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடு. போனை மாமா எடுக்கட்டும். அவர் தங்கச்சி அவரிடம்தான் முதலில் பேசுவேன் என்கிறாள்.

அன்புடன்,
உன் தம்பி